நான் செத்த பாட்டு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பெரிய றகரம் எங்கே வரும், சின்ன ரகரம் எங்கே வரும் என்று இன்னும் குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன். வரி கோணலாகப் போனால் மலைப்பாதை என்று நினைத்து நீங்களும் கொஞ்சம் சாய்ந்து வாசியுங்கள்.

இன்று காலை பதுளையிலிருந்து நமுனுகுலப் பக்கம் வரும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த அம்மா நான் செத்ததற்காக அழுதார். பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டிருந்தார்கள். மடியில் லீக்ஸ் கட்டை வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, "எந்தப் புண்ணியவானோ, இப்படி ஒரு அக்காவ விட்டுட்டுப் போயிட்டானே" என்று என்னிடமே சொன்னார். அந்தப் புண்ணியவான் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். "ஆமாங்க, பாவந்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம். சினிமாப் பாட்டு இல்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எந்தக் கம்பெனியையும் கேட்காமல் தாங்களே கட்டி, தாங்களே பாடி, போனில் ஏற்றிவிடுகிறார்களே, அந்தப் பாட்டுகள். ஹல்துமுல்லைப் பையன்கள் தப்பையும் கிட்டாரையும் சேர்த்து அட்டைக்கடியைப் பற்றி ஒன்று போட்டிருக்கிறார்கள். கேட்கும்போதே கால் அரிக்கும். இன்னொரு பிள்ளை வராத பஸ்ஸுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறது. அதில் மயங்கி, வந்த பஸ்ஸையே ஒருமுறை விட்டிருக்கிறேன். இரண்டும் அருமை. ஆனால் என்னைக் கேட்டால் முதலிடம் நான் செத்த பாட்டுக்குத்தான். சொந்தப் பெருமை என்று நினைக்காதீர்கள். அதில் என் வேலை பேசாமல் கிடந்தது மட்டுமே.

பாடியது என் கூடப் பிறந்த அக்கா. அப்போது எங்கள் இரண்டு வீடும் ஒரே லயத்தில், ஒரே நீளக் கூரைக்குக் கீழே அடுத்தடுத்த காம்பரா. ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாக அக்கா என்னோடு பேசாமல் இருந்தாள். காரணம் ஒரு பூசணிக்காய். வேர் அவள் வாசலில், காய் என் கூரையில். என் மனைவி அதை அறுத்துக் குழம்பு வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அன்றிலிருந்து அக்கா எனக்குச் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்ல ஆரம்பித்தாள். "பைப்புல தண்ணி வந்திருச்சுன்னு அந்தாளுகிட்டச் சொல்லு" என்பாள். கோழி சொல்லாது. நானே கேட்டுக்கொள்வேன்.

மாதா கோயிலில் பூசைக்குக் கிட்டார் வாசிக்கும் மெர்லின் என்ற பெண்தான் அக்காவின் ஒப்பாரியைப் பதிவு செய்ய வந்தாள். சாவு வீட்டில் அக்கா வாயைத் திறந்தால், சுருட்டுக் குடிக்க ஒதுங்கிய ஆம்பளைகள்கூடத் திரும்பி வந்து அழுவார்கள்.

"பொணம் இல்லாம எப்படி புள்ள? வாய் வராது. சும்மா வச்சா வீட்டுக்கும் ஆகாது" என்றாள் அக்கா.

அதனால் வீட்டில் வேண்டாம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் என்று முடிவாயிற்று. பிணத்துக்குத்தான் ஆள் இல்லை. அத்தான், "இவ அழுதா நான் நெசமாவே போயிருவேன்" என்று நழுவிவிட்டார். என் மனைவி என்னைக் காட்டி, "இவரப் படுக்க வைங்க. சும்மாவே பொணம் மாதிரிதான இருக்காரு" என்றாள். மறுக்கவும் எனக்குக் கூச்சம். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெர்லினிடம், "நீளம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

சுவரில் முயலும் வாத்தும் வரைந்திருந்தது. பிள்ளைகளின் பாய் எனக்கு முழங்கால் வரைக்கும்தான் வந்தது. தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினார்கள். "சத்தம் மட்டுந்தான் ஆன்ட்டி எடுக்கிறோம்" என்றாள் மெர்லின். "மொறைன்னா மொற" என்றாள் அக்கா.

ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "வயிறு ஏறி ஏறி எறங்குது. அந்தப் பொணத்த மூச்சு விடாம இருக்கச் சொல்லு புள்ள."

மெர்லின் என் காதருகே குனிந்து, "அங்கிள், இன்னும் கொஞ்சம் சாகுங்களேன்" என்றாள். முடிந்த மட்டும் செத்தேன்.

அப்புறம் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள்:

"கூரையில காச்ச காயக்
கூறு போட்டுத் தின்னிருந்தா
ஆறு மலை தாண்டி, என் தம்பி
அழுது போயிருப்பானா?"

என் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. கூசியது. பிணம் காதைக் குடையலாமா? அப்படியே கிடந்தேன். சரி, இனி அக்கா பேசிவிடுவாள் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் எழுந்து, கட்டிய தாடையோடு "அக்கா" என்றேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு மெர்லினிடம், "பாயச் சுருட்டி வைக்கச் சொல்லு அந்தப் பொணத்த" என்று சொல்லிப் போய்விட்டாள். நான் பாயைச் சுருட்டி வைத்தேன்.

பாட்டு வெளியாகிக் கொஞ்ச நாளில், நான் பீலித் தண்ணீரில் குளிக்கச் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது வெள்ளை உடுப்போடு ஒரு கூட்டம் மாரடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தது. கடைசியாக வந்த பெண்ணிடம், "யாரும்மா செத்தது?" என்று கேட்டேன். "இந்த லயத்து ஆளுதாங்க. ரொம்ப அமைதியான மனுசனாம்" என்றாள். முன்னால் மாலையோடு போனது மடுல்சீமையில் இருக்கும் என் பெரியப்பா மகன். அங்கே சரியாகச் சிக்னல் கிடைக்காது, போன் போட்டு விசாரிக்க வழியில்லை. பஸ்ஸில் போட்ட பாட்டில் அக்காவின் குரலை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அக்காவுக்கு இருப்பது ஒரே தம்பி. வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் அழுதுகொண்டு வந்தவர்கள் முன்னால் உயிரோடு எப்படிப் போய் நிற்பது? கொய்யா மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மனைவி கூப்பிட்டாள். போகவில்லை. பெரியப்பா மகன் கூப்பிட்டான். போகவில்லை. கடைசியில் அக்கா வாசலுக்கு வந்தாள். பக்கத்தில் கோழி நின்றது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

"டேய் தம்பி! வந்து மொகத்தக் காட்டுடா! சாகவும் மாட்டேங்கிற, வரவும் மாட்டேங்கிற!"

நுரையோடு ஓடினேன். வாங்கின மாலையை என்ன செய்வது என்று என் கழுத்திலேயே போட்டார்கள். அக்கா எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். என்னிடம் வந்தபோது, "சீனி போதுமாடா?" என்று கேட்டாள். போதவில்லை. போதும் என்றேன்.

பிறகு அந்த லயத்தை உடைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் தனி வீடு. அக்காவுக்கு மேல் வரிசையில், எனக்கு ஓடைப் பக்கம். தினமும் போனில் பேசுகிறாள். "நல்லா இருக்கேன்டா" என்கிறாள். லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. பேசாமல் இருந்த அத்தனை வருஷமும் அவள் இருமலை வைத்தே எனக்கு எல்லாம் தெரியும்: தூங்கினாளா, விறகு ஈரமா, நெஞ்சில் சளியா. இப்போது அவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஒப்பாரி எடுப்பதற்கு முன் அக்கா ஒரு தடவை தொண்டையைச் செருமுவாள். மெர்லின் அதை வெட்ட மறந்துவிட்டாள். வீட்டில் நான் பாட்டை அதுவரைக்கும்தான் போடுவேன்.

ஆடி பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.