தமிழில் எழுதாமல் விட்ட மூன்று வரிகள்

என்னுடைய முதல் விசிட்டிங் கார்டில் என் பெயரைவிட என் படிப்பு பெரிய எழுத்தில் இருந்தது. வெளிர் நீல அட்டை. நடுவில் கொட்டை எழுத்தில் எம்.ஏ. பிரெஞ்சு, அதற்குக் கீழே பொடியாக நான். அச்சடித்துக் கொண்டுவந்த மனை வியாபாரி, அதாவது என் முதலாளி, அதை மேஜையில் வைத்தபோது இதென்ன கூத்து என்று கேட்டேன். "உங்க பேர யாரு தம்பி பாக்கப் போறா? படிப்பத்தான் பாப்பாங்க" என்றார். அவர் சொன்னது பலித்தது. சென்ற மாதம் இங்கே ஒரு கல்லூரியில், மேற்படிப்பு ரியல் எஸ்டேட் தொழிலில் எப்படிக் கைகொடுக்கும் என்று மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன், நன்றாகவே கைதட்டினார்கள். மீன்கார அக்காவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியம் படித்து முடித்துக் காரைக்காலுக்குத் திரும்பிய பிறகு இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். வாத்தியார் வேலைக்குக் காலியிடம் இல்லை. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்துக் கேலி செய்துவிட்டுப் போவார்கள். அப்போதுதான் முதலாளி ஆள் அனுப்பினார். எங்கள் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் எழுதிய நிலப் பத்திரங்கள், நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்னால் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. இன்று அந்த நிலத்தை விற்கிறவருக்கும் அது புரியாது, வாங்குகிறவருக்கும் புரியாது. கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் ஏழெட்டுப் பக்கம். அதைப் படித்துத் தமிழில் எழுதித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நானானேன்.

படிப்பு உதவியது, அதில் பொய்யே இல்லை. ஆறு மாதத்தில் பழைய குமாஸ்தாக்களின் கையெழுத்தெல்லாம் எனக்கு அத்துப்படி. எந்தக் குமாஸ்தா அவசரக்காரர், எவர் மத்தியானத்துக்கு மேல் எழுத்தைக் கோட்டைவிடுவார் என்பது வரை சொல்வேன். திருநள்ளாற்றில் லாட்ஜ் கட்ட இடம் தேடுகிறவர்கள், துபாயிலிருந்து லீவில் வந்து இடம் பார்க்கும் மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும் நான் எழுதித் தந்த தமிழைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். நான் எழுதியது சரியா என்று பார்க்க ஒருவரும் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் ஒன்றிரண்டு பேர் ஊரில் உண்டு. அவர்களிடம் போய்க் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. எம்.ஏ. படித்த பையன் இருக்கும்போது எதற்கு?

மீன்கார அக்கா கடலோரத்துப் பட்டினச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே வருகிறார். அலுமினியக் கூடையை இறக்கியதும் முதலில் தண்ணீர் கேட்பார், அப்புறம் விலை சொல்வார், அப்புறம் அம்மாவும் அவரும் சண்டை போடுவார்கள். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்ததே, அப்போது அவருடைய சின்ன மகன் போய்விட்டான். ஏழு வயது. நாலு மாதம் கழித்து அக்கா மறுபடி வந்தபோது அம்மா பேரம் பேசவில்லை, கேட்ட விலையைக் கொடுத்தார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏன், இன்னிக்கு மீனு நல்லால்லயா?" என்று கேட்டுவிட்டு அவரே விலையைக் குறைத்துக்கொண்டார். பையனைப் பற்றி அவர் பேசவே மாட்டார். பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரு போட்டோ மட்டும் வாத்தியார் வீட்டிலிருந்து கிடைத்தது என்றும், அதைப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பதாகவும், எடுத்துப் பார்ப்பதில்லை என்றும் ஒரே ஒருமுறை அம்மாவிடம் சொன்னார்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம், கூடையை இறக்கிவிட்டு அம்மாவைக் கேட்காமல் என்னைக் கேட்டார். "தம்பி, எனக்கு ஒரு மனை வேணும். ராத்திரி அலை சத்தம் கேக்கக் கூடாது. தண்ணி வராத எடமாப் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்." மீன் விற்கிறவர் கடலைவிட்டுத் தள்ளிப் போனால் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "மாறிக்கிறேன்" என்றார். புருஷன் கடலுக்குப் போகிறவர், இவருக்குக் குறுக்கே பேசமாட்டார். மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் முதலாளி திருநள்ளாறு சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு இடத்தை வாங்கி மனை பிரித்துக்கொண்டிருந்தார். அதன் மூலப்பத்திரம் என் கையால்தான் தமிழானது. ஐந்தாம் பக்கத்தின் கடைசியில் மூன்று வரி இருந்தது. மேற்கே உள்ள வயல்களின் மழைத்தண்ணீர் இந்த நிலத்தின் வழியாகவே ஆற்றுக்கு வடிய வேண்டும், வாங்குகிறவரோ அவருடைய வாரிசுகளோ அதை மறித்து எதையும் கட்டலாகாது என்று தெளிவாக எழுதியிருந்தது. முதலாளியிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, மிரட்டவும் இல்லை. டீ வரவழைத்தார். "அந்த வடிகால் தூந்துபோயி எத்தன வருஷமாச்சு? இல்லாத வாய்க்காலுக்கு எதுக்குத் தம்பி தமிழு?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நியாயமாகப் பட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை. அந்த மூன்று வரியை விட்டுவிட்டு ஆறாம் பக்கத்துக்குப் போனேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எதுவும் விட்டுப்போன மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு சரளமான தமிழ்.

எங்கள் தொழிலில் மழைக்காலத்தில் மனை காட்டமாட்டோம். சித்திரையிலும் வைகாசியிலும்தான் காட்டுவோம். ஆற்றில் தண்ணீர் இல்லாமல், வயல் வெடித்து, நிலம் கெட்டித்துக் கிடக்கும். அக்காவையும் அந்த இடத்துக்குச் சித்திரையில்தான் கூட்டிப்போனேன். வெயிலில் குடை பிடிக்காமல் மனையின் நாலு மூலைக்கும் நடந்து பார்த்தார். குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து நொறுக்கினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "தண்ணி வராதுல்ல தம்பி?" என்று கேட்டார்.

"வராதுக்கா" என்றேன்.

"பத்திரத்தப் படிச்சிட்டீங்கல்ல?"

"முழுசாப் படிச்சிட்டேன்கா."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நகைகளை விற்று மனையை வாங்கினார், மேலும் கடன்பட்டு இரண்டு அறையில் வீடு கட்டினார். புதுமனை புகுவிழாவுக்கு என்னைத்தான் முதலில் அழைத்தார். வந்தவர்களிடம் எல்லாம் "இந்தத் தம்பிதான் எடம் பாத்துக் குடுத்துச்சு, வெள்ளைக்காரன் பாஷையில பெரிய படிப்பு" என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார். இலையில் எனக்கு மட்டும் இரண்டாவது பாயசம். அதைக் குடித்தேன், ருசியாக இருந்ததும் நினைவிருக்கிறது.

முதல் வருஷ மழை பெரிதாக இல்லை. இரண்டாம் வருஷம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. மேற்கே இருந்த வயல்களின் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. கடல் வருவதுபோல் சத்தம் போட்டு வரவில்லை. விடிகாலையில் பாய் நனைந்து எழுந்திருக்கிறார்கள், பத்து மணிக்கெல்லாம் இடுப்பளவு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மகளைத் தூக்கிவிட்டு, தாங்களும் மொட்டை மாடியில் ஏறிக்கொண்டார்கள். உயிர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு நாள் கழித்துத்தான் தண்ணீர் வடிந்தது. பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு அடியில் இருந்த போட்டோவில் முகம் இல்லை, வெறும் சாயம்தான் இருந்தது. பத்திரம் மட்டும் நனையவில்லை. பத்திரத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், அதைப் பாலிதீன் உறையில் போட்டுப் பரணில் வைத்திருந்தார். இதையெல்லாம் அம்மாதான் என்னிடம் சொன்னார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கூடை இல்லாமல் அவரை அப்போதுதான் பார்க்கிறேன், ஆளே சின்னதாகத் தெரிந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை ஏங்குகிறேன். அவர் பாலிதீன் உறையிலிருந்து பிரெஞ்சுப் பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கலாம்னு சொல்றாங்க தம்பி. இதுல நமக்குச் சாதகமா எதாச்சும் போட்டிருக்கான்னு இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க. வெள்ளைக்காரன் எழுதுன மாரியே படிங்க, நானும் கேக்குறேன்."

பக்கத்து அறையில் முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். அந்த மூன்று வரியும் அப்படியே இருந்தன. அவருக்குச் சாதகமாக இந்த உலகத்தில் எழுதப்பட்டிருந்தது அந்த மூன்று வரிதான். அதைச் சொன்னால் அவருக்கு வழக்கு நிற்கும், எனக்கு வேலையும் பெயரும் நிற்காது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இது சாக்கு என்று அப்போதே தெரியும். பயம், வெறும் பயம். ஆனாலும் என்னவோ ஒரு கிறுக்குத்தனத்தில், பாதி உண்மையாவது வாயிலிருந்து வரட்டும் என்று, அந்த மூன்று வரியையும் பிரெஞ்சிலேயே, நிறுத்தி நிதானமாக, கல்லூரி மேடையில் படிப்பதுபோல் வாய்விட்டுப் படித்தேன். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. தண்ணியப் பத்தி எதாச்சும் போட்டிருக்கானா தம்பி?"

"இல்லக்கா."

அவர் தாளை மடித்து உறையில் போட்டு, ஓரத்தை இரண்டு முறை சுருட்டினார். அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி பட்டினச்சேரிக்கே, அண்ணன் வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். கடலுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். இன்றும் அங்கேதான் இருக்கிறார். நான் இப்போது முதலாளிக்குக் கூட்டாளி. அன்று என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து என்னைத் தேற்றினார்.

"அதுக்கு ஏன் தம்பி இப்புடி ஒடஞ்சு போறீங்க? ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருந்திருப்பீங்க?"