தூரத்துக் கண்

தெரணியகலைக்கு மேலே இருக்கும் றப்பர் தோட்டத்தை விட்டு நான் இறங்கிக்கொண்டிருந்தபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய் ஒன்று வளைவு வரைக்கும் கூட வந்துவிட்டுத் திரும்பியது. தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சட்டை, பழைய துணியில் சுற்றிய பால்வெட்டுக் கத்தி. மழை விட்டிருந்தது. ரோடு சரிவாக இருந்ததால் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

சிரிக்கிற மாதிரி எதுவும் நடந்துவிடவில்லை. அன்று காலை கங்காணி என்னை நான் வெட்டிய மரங்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு மகன் இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும்.

“அண்ணே, பட்டைய வெட்டச் சொன்னா எலும்ப வெட்டி வச்சிருக்கீங்களே.”

உண்மைதான். றப்பர் மரத்தில் பட்டையை மட்டும் மெலிதாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் உள்மரத்தைத் தொட்டால் அந்த இடம் புண்ணாகி முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். அப்புறம் அங்கே வெட்டவே முடியாது. என் வரிசை மரங்கள் எல்லாம் அம்மை கண்ட முகம் போல நின்றன.

“கண்ணு தெரியலியா?”

“நல்லாத் தெரியுதே. அந்தா, எதிர் மலையில ஒரு பொம்பள துணி காயப் போடுறா. செவப்புப் பாவாடை.”

“அங்க பால் வெட்டச் சொல்லலியே. நாளையிலருந்து புல்லு வெட்டப் போங்க.”

புல் வெட்டுவது கேவலமில்லை. ஆனால் கத்தி பிடிக்கத் தெரிந்தவனுக்கு எந்தத் தோட்டத்திலும் ஒரு மூலை கிடைக்கும். அந்த ஒரு கைவேலையை நம்பித்தான் நான் நினைத்தபோது கிளம்பி, பிடித்த இடத்தில் நின்று வாழ்ந்திருக்கிறேன். கத்தியை இழந்தால் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கொடுத்ததைத் தின்ன வேண்டியதுதான். யாராவது இனியும் என்னிடம் மரம் தருவார்களா என்று பார்க்கத்தான் இறங்கினேன்.

இந்த உடம்பு எப்போதும் எனக்குச் சொல்லாமலேதான் மாறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்த புதிதில், ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். “இருக்கேன்” என்றேன். முதல் பாதி பையன் குரல், மறுபாதி மாட்டுக் குரல். கொழுந்துக்காரப் பெண்கள் கூடையோடு குலுங்கிச் சிரித்தார்கள். உலகம் முழுக்க என் தொண்டையையே பார்ப்பதாக நினைத்து, அந்த வாரமே ஓப்பநாயக்கப் பக்கம் ஓடிப்போனேன். அதுதான் என் முதல் ஓட்டம். அங்கே போனால் கால்சட்டை முழங்காலுக்கு ஏறிவிட்டது. சாரத்துக்கு மாறினேன்.

இருபதுகளில் எனக்கு உடம்பு இருப்பதே தெரியாது. இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு, மாலையில் கிரிக்கெட் ஆடப் போவேன். முப்பதுகளில் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினேன். அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எந்தத் தோட்டத்தில் இருந்தேன் என்பதே சரியாக நினைவில்லை. நாற்பதுக்கு மேல் முழங்கால் பேச ஆரம்பித்தது. அதே சமயம் வேறொன்றும் நடந்தது: யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் நானும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். எப்போது அப்படி ஆனேன் என்று தெரியாது. முழங்காலைக் கொடுத்து இதை வாங்கினேன் என்றால் நல்ல வியாபாரம்தான்.

டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. குடை, டோர்ச், சீப்போடு ஒரு தட்டு நிறையக் கண்ணாடிகளும் வைத்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை.

“வாங்க தம்பி, என்ன வேணும்?”

தம்பி என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று. அதற்காகவே ஏதாவது வாங்கலாம் போல இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். கை ரேகை தெரிந்தது. நகத்து அழுக்குத் தெரிந்தது. சுவரில் தொங்கிய முகக்கண்ணாடியில் பார்த்தேன், மூக்குக்குள் நரைமுடி. நான் சிரிக்க, நானாவும் சிரித்தார்.

“அது எனக்கும் ஈக்கிது. நடந்து பாருங்க.”

நடந்தேன். ரோடு எழும்பி முகத்துக்கு நேரே வந்தது. தண்ணீர் ஓடும் கான் தாண்டுகிற மாடு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். பஸ்ஸுக்கு நின்ற பள்ளிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்காக இன்னொரு தரம் நடந்து காட்டினேன். மரத்துக்கு மரம் சரிவில் ஓடுகிற வேலைக்கு இது ஆகாது, விழுந்து கழுத்தை முறித்துக்கொள்வேன் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போதுதான் சிரிப்பு கொஞ்சம் நின்றது.

நானா என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

“அந்த மேட்டுல வாற பஸ் போர்ட்ட செல்லுங்க பாப்போம்.”

“அவிசாவளை. சிங்களத்துலயும் இருக்கு, மேல வாசிக்கவா?”

“எனக்குப் பஸ்ஸே சரியாத் தெரியல்ல.” தாடியைச் சொறிந்தார். “எங்கட மச்சானுக்கு அரநாயக்கப் பக்கம் பழைய றப்பர் ஈக்கிது. அடுத்த வருசம் வெட்டி விக்கப் போற மரம். கீழ்ப் பட்டை எல்லாம் முடிஞ்சு போச்சு. மேலதான் மிச்சம். நீட்டுக் கம்புல கத்தி கட்டி, அண்ணாந்து நின்டு வெட்டணும். பொடியன்மாரு கழுத்து வலிக்குதுன்டு ஓடிப் போறானுகள்.”

“எனக்குக் கழுத்து நல்லா இருக்குங்க.”

“பொய் செல்லாதீங்க.”

“கொஞ்சம் வலிக்கும்.”

அவர் போன் எடுத்து மச்சானிடம் பேசினார். பேச்சில் பாதி சிங்களம். “ஆள் வயசுதான், ஆனா தூரத்துக் கண்” என்றது காதில் விழுந்தது. பிறகு ஒரு பிளேன்டீ வாங்கித் தந்து, கேகாலைக்கு எந்த பஸ் என்று காட்டினார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் என் மூக்குமுடி பற்றிக் கூடச் சொன்னேன். அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

அரநாயக்கவில், விடிந்ததும் நானாவின் மச்சான் என்னை மரங்களிடம் கூட்டிப் போனார். பெரிய மரங்கள். எட்டுகிற உயரம் வரை பழைய வெட்டுத் தழும்பு, அதற்கு மேல் வழவழப்பான பட்டை. கம்பு என்னைவிட நீளம். நுனியில் அவர் கத்தியை அவிழ்த்துவிட்டு என் கத்தியைக் கட்டினேன். அண்ணாந்தேன். கத்தி முனையும் பட்டையும் அதன் பச்சை ஓரமும் அத்தனை துல்லியமாகத் தெரிந்தன. மெதுவாக இழுத்தேன். சீவல் சுருண்டு என் நெற்றியில் விழுந்தது. உள்மரத்தில் ஒரு கீறல் இல்லை. பால் சாய்வாக ஓடி, தகட்டில் இறங்கி, சிரட்டைக்குள் சொட்டியது. பாதி சொட்டு என் காதில் விழுந்தது.

மச்சான் கிட்டப் போய்ப் பார்த்தார். “ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “இந்தப் பக்கம் முழுக்க நீங்க பாருங்க.”

கழுத்து அதற்குள்ளேயே வலிக்க ஆரம்பித்திருந்தது. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.