முருங்கையிலிருந்து விழுந்த ஊழியக்காரி

இரண்டு வருட ஊழியத்துக்கென்று ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்குப் போனவள் நான். முதல் வருடம் முடிவதற்குள் சக்கர நாற்காலியில் தூத்துக்குடி விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். இடது காலில் தொடை வரைக்கும் கட்டு. அழுதுகொண்டு வந்திருப்பேன் என்று நினைத்தால் அது தப்பு. எலும்புதானே, கூடும். கூடியதும் திரும்பிப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பாதியில் விட்டுவந்த தையல் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்றுதான் விமானத்தில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவும் நானும் காரில் ஊருக்குள் நுழைந்தோம். எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்தக் கோயில் வாசலில் என் படத்தைப் போட்டுப் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘சுவிசேஷத்துக்காகப் பாடுபட்ட எங்கள் சபையின் மகளே, வருக!’

"என்னம்மா இது?" என்றேன்.

"சும்மா இரு. ஊரே ஒனக்காக உபவாசம் இருந்திருக்கு" என்றாள் அம்மா.

நடந்தது இதுதான். அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ‘காலில் அடிபட்டுவிட்டது, ஊருக்கு அனுப்புகிறார்கள்’ என்று அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அம்மா அதைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வாசித்திருக்கிறாள். ‘அடிபட்டுட்டு’ என்றது அடுத்த தெருவுக்குப் போகும்போது ‘அடிச்சிட்டானுவளாம்’ என்று ஆகிவிட்டது. பிறகு ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் கல்லெறிபட்டிருந்தேன். ‘விழுந்துட்டேம்மா’ என்று பிறகு போனில் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. "நாம பயந்துருவோம்னு மறைக்கா, பாவம்" என்று அம்மாவே அதற்கு விளக்கமும் கொடுத்துவிட்டாள்.

உண்மையில் நான் முருங்கை மரத்திலிருந்து விழுந்தேன். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மரம் நின்றது. மாதக்கணக்கில் மக்காச்சோளக் களி தின்று செத்துப்போன நாக்குக்கு, உச்சிக் கொம்பில் அந்தக் கொழுந்துக் கீரையைக் கண்டதும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏறிவிட்டேன். முருங்கைக் கொம்பு பொசுக்கென்று முறியும் என்று தாமிரபரணித் தண்ணீர் குடித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆசை யாரை விட்டது?

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வந்து போனார்கள். விழுந்த கதையைச் சொன்னால், "அடக்கமான புள்ள" என்று கன்னத்தைத் தடவினார்கள். ஒரு சாயங்காலம் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து என் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றார்கள். "அந்தக் கொலைகாரப் பாவிகள மனந்திருப்பும் ஆண்டவரே" என்று ஒருத்தி ஜெபித்தாள். மற்றவர்கள் ஆமென் என்றார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. யார் கொலைகாரர்? கீழே கிடந்த என்னை அள்ளி எடுத்தவர்களா?

அவர்கள் போனபிறகு அம்மாவிடம், "கட்டு பிரிச்சதும் நான் திரும்பிப் போணும். இவங்க இப்படிப் பேசிட்டுத் திரிஞ்சா எப்படி?" என்றேன்.

"எங்கன போகப் போற?" என்றாள். "அடிச்சவன் கையிலயே மறுபடி கொண்டு குடுக்க நான் என்ன கோட்டிக்காரியா? காலு நல்லானாலும் நீ அங்கன போக முடியாதுட்டி. அவ்வளவுதான்."

அப்பா வாழைத்தாருக்கு விலை பேசுவதோடு சரி. வீட்டில் பேச்சு அம்மாவுடையது. அவள் முடியாது என்றால் எங்கள் ஐயரும் அனுப்பமாட்டார். ஐயர் என்றால் எங்கள் போதகர். ஆக, ஊர் என் தலையில் வைத்த கிரீடத்தை நானே கழற்றி எறியாமல் எனக்கு மலாவி இல்லை. அந்த ஜனங்களின் பேரும் கெட்டது கெட்டதுதான். கழற்ற எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. தலைக்குப் பொருந்தாத கிரீடம் அரிக்கத்தான் செய்யும்.

அடுத்த ஞாயிறு ஐயர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கோயில் நிறைந்திருந்தது. கக்கத்தில் கட்டைகளை ஊன்றி மைக் முன்னால் நின்றேன்.

"என்னை யாரும் அடிக்கவில்லை. கீரை பறிக்கப் போய் முருங்கை மரத்திலிருந்து விழுந்தேன்" என்றேன்.

நான் விடவில்லை. "அந்த ஊரில் ஆம்புலன்ஸ் கிடையாது. பள்ளிக்கூடத்துக் கதவைக் கழற்றி, என்னை அதில் போட்டு, ஆற்றைக் கடந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே சமையல் செய்கிற அக்கா என் கால் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழி முழுக்கக் கூடவே நடந்தாள். நான் வலியில் அவளைத் திட்டினேன். நல்லவேளை, தமிழில் திட்டினேன். அவர்களையா கொலைகாரர் என்கிறீர்கள்?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "முருங்க பருத்தா தூணாகுமா தாயி?" என்று கேட்டுவிட்டார். கோயிலே கொல்லென்று சிரித்தது. ஐயர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நானும்தான் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மானத்தைக் கப்பலேற்றிவிட்டாய் என்று பிடிபிடியென்று பிடிப்பாள், நாமும் பதிலுக்குக் கொடுக்கலாம் என்று தயாராகத்தான் போனேன்.

"எல்லாரும் அவங்க மனந்திரும்பணும்னு ஜெபிச்சாங்க. நான் அப்படி ஜெபிக்கல" என்றாள்.

"பின்ன?"

"எம்புள்ளயத் தொட்ட கை வெளங்காமப் போகணும்னு தெனமும் முழங்கால்ல நின்னு கேட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தொட்டது அந்தச் சமையக்காரிதானட்டி?"

கட்டைகளை ஊன்றி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவ கை நல்லாருக்கா? ஒடனே கேளு" என்றாள்.

வீடியோவில் கூப்பிட்டேன். அந்த அக்கா தன் வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒரே கூச்சல். முழங்கை வரைக்கும் மாவு படிந்த கையை எங்களைப் பார்த்து ஆட்டினாள். அம்மா போனை என்னிடமிருந்து வாங்கி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இவள் பாஷை தெரியாது, இவளுக்கு அவள் பாஷை தெரியாது. அந்த அக்காவும் ஆட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள் அம்மா.

"காலு சரியானதும் போ" என்றாள். "போயி, மொதல்ல அந்தக் கையப் புடி."