துடிப்பு நோட்டு

என்னிடம் மிஞ்சியிருக்கும் நோட்டுகளில் மிகப் பழையது நான் ஆறாம் வகுப்பில் எழுதியது. நாற்பது பக்கம், பழுப்பு அட்டை. இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் 'துடிப்பு'. அம்மாவின் நாடித்துடிப்பு.

அதற்கு முன்பே திருநகரில் எங்கள் தெருவே அம்மாவைத் துடிப்பானவள் என்றுதான் சொல்லும். விடிவதற்குள் வீடு முழுக்கக் கழுவிவிட்டு என்னை ஷட்டில் ஆட எழுப்புவாள். மார்கழியிலும் ஃபேன் வேண்டும். நின்றபடியே ஆறு தோசை சாப்பிடுவாள். ஆனாலும் வளையல் கழன்று விழும். "எங்க மதினிக்குக் கால்ல சக்கரம்" என்பாள் அத்தை. காபி டம்ளர் அம்மாவின் கையில் ஆடியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அழகர்கோவில் மலையேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொண்டையில் உள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார் டாக்டர்.

"நீங்க சும்மா படுத்திருந்தாலும் உங்க இதயம் ஓடிக்கிட்டே இருக்கும்மா."

"நான் எங்க டாக்டர் சும்மா படுத்தேன்?" என்று அம்மா சிரித்தாள்.

மாத்திரை தொடங்கியது. தினமும் காலையில் அம்மா படுக்கையை விட்டு எழுவதற்கு முன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதுவது என் வேலை. ஒரு வாரம் எண்பதுக்குக் கீழே நின்றால் மாத்திரையைக் குறைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் எழுதியதும் அம்மா நோட்டை வாங்கி, ரேங்க் கார்டில் போடுவது போல எதிரே கையெழுத்திடுவாள்.

நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கிய எண் ஆறு வாரத்தில் தொண்ணூற்று இரண்டுக்கு வந்தது. எண் இறங்க இறங்க அம்மாவும் இறங்கினாள். மத்தியானம் தூங்கினாள். ஷட்டில் மட்டை ஆணியில் தொங்கியது. கேட்டால், "நாளைக்கு ஆடுவோம்டி." மாத்திரைதான் என் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று முடிவு செய்தேன். அந்தத் திங்கட்கிழமை தொண்ணூற்று இரண்டு எண்ணினேன். எழுபத்தாறு என்று எழுதினேன். ஏழு நாளும் அப்படியே. நம்பும்படி இருக்க வேண்டுமே என்று ஒருநாள் மட்டும் எழுபத்தெட்டு.

டாக்டர் நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொண்ணூத்தி நாலு இருக்கு. இதுல எழுபத்தாறா? யாரு எண்ணுனது?"

என் காதுக்குள் இதயம் அடித்தது.

"நாந்தேன் டாக்டர். எனக்கு எண்ண வரல" என்றாள் அம்மா.

"இத நம்பி மாத்திரையைக் குறைச்சிருந்தா உங்க உயிருக்குல்ல ஆபத்து?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பும் பஸ்ஸில், "இனிமே சரியா எழுதுவோம்டி" என்று மட்டும் சொன்னாள்.

மாத்திரை குறையவில்லை. அம்மா குணமானாள், நிதானமாக நெடுங்காலம் இருந்தாள். விடியற்காலையில் மட்டையோடு என்னை எழுப்பியவள் மட்டும் திரும்பவில்லை. மட்டை ஆணியிலேயே இருந்தது.

அன்று அடிக்குத் தப்பினேன் என்றுதான் நினைத்தேன். 'எழுது' என்று சொல்லாமல் அவள் ஏன் 'எழுதுவோம்' என்றாள் என்று யோசிக்கவில்லை. நான் மணிக்கட்டில் எண்ணும்போது, அவள் கண்ணை மூடி, இரண்டு விரலைக் கழுத்தோரம் வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

நோட்டில் என் ஏழு பொய்களுக்கு எதிரேயும் அவள் கையெழுத்து இருக்கிறது. ஏழிலும் லேசான நடுக்கம்.