அஞ்சு மணி மாப்பிள்ளை

எனக்குக் கிளி என்றாலே ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை இளகிய மனசுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. காயப்போட்ட மிளகாயைக் கொத்தும், கொடியில் கிடக்கிற சேலையில் ஓட்டை போடும், போதாக்குறைக்கு நம்மையே அதட்டும். அப்படிப்பட்ட ஒரு ஜீவனோடு ஒன்பது வருஷம் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு கிடந்தவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் அழகுத்தாய், இந்தப் பக்கம் கத்தரீனாளாகிய நான்.

ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தேயிலை எஸ்டேட் டிவிஷன் வரும். ஆறு லயம், லயத்துக்கு வரிசையாக எட்டு வீடு. வீடு என்றால் ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். அழகுத்தாய் பிறந்தது இரண்டாம் லயத்தில், வாழ்க்கைப்பட்டு வந்தது நான்காம் லயத்துக்கு. புருஷன் செல்லத்துரை மஞ்சள் காமாலையில் போனபோது மகன் சதீஷ் ஏழாம் வகுப்பு. அவள் ஒப்பாரி வைத்ததை நான் கேட்டதில்லை. பதினாறாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போய்விட்டாள். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்கிற ரகம். நான் நாற்பது பேசுகிறவள். எப்படியோ ஒத்துப்போனது.

சதீஷ் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன மாசம், பதினொன்றாம் நம்பர் காட்டில் பட்டுப்போன சில்வர் ஓக் மரம் ஒன்றை வெட்டினார்கள். மரம் விழுந்த வேகத்தில் பொந்துக்குள்ளிருந்து மூன்று கிளிக்குஞ்சுகள் தெறித்தன. இரண்டு அங்கேயே முடிந்தன. மூன்றாவதை அழகுத்தாய் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். இறகே முளைக்காத சிவப்புத் தோல், உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய வாய்.

"இத எதுக்குட்டி தூக்கிட்டு வந்த? காலையில செத்துக் கெடக்கும், நீ அழுதுக்கிட்டு நிப்ப," என்றேன்.

"செத்தா அழுதுக்கிடுவோம்க்கா. இப்பக் கொஞ்சம் கேப்பக்கூழு இருந்தாக் குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். கொடுத்தது என் தப்பு. அதை நீர்க்கக் கரைத்து, சதீஷுக்கு மருந்து புகட்டிய பழைய பில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். கழுத்துப் பை புடைக்கும்வரை ஊட்டுவாள், அது வடிந்த பிறகுதான் மறுபடி. குளிர் தாங்காது என்று அடுப்புக்குப் பக்கத்தில் சேலைத் துணி சுற்றி வைத்தாள். பகலில் யார் பார்ப்பது? சோற்றுப் பையில் போட்டுக் காட்டுக்கே கொண்டுபோய், செடிக் கிளையில் மாட்டிவிட்டுக் கொழுந்து கிள்ளினாள். கங்காணி வீரபாண்டிக்கு அது தெரியும். தெரியாதவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அதனால்தான் அந்தக் கிளிக்கு வாய் திறந்ததும் வந்த முதல் பேச்சு கங்காணியின் பேச்சாக இருந்தது. "பாத்துக் கிள்ளு!" அதே கரகரப்பு, அதே அதட்டல். முற்றின இலையைக் கூடைக்குள் தள்ளுகிறவளைப் பார்த்து வீரபாண்டி போடுகிற சத்தம் அது. கிளி போட்டபோது நாங்கள் இருபது பெண்களும் குனிந்த தலை நிமிராமல் வேகவேகமாகக் கிள்ளினோம். பிறகுதான் தெரிந்தது, கங்காணி மேட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று. சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

கழுத்தில் கறுப்பும் நீலமுமாக வளையம் விழுந்து ஆண் என்று தெரிந்த வருஷம் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். கூண்டு கிடையாது. அடைத்து வைத்தால் ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்கள் என்று நான் மிரட்டினேன். "அடைச்சு வச்சா அது வீட்டு ஆளாக்கா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தே போட்டாள். காலையில் மற்ற கிளிகளோடு கத்திக்கொண்டு பறந்துபோகும். சாயங்காலம் மணி அடித்தால் திரும்பிவிடும்.

மணி என்றால் கோவில் மணி இல்லை. ரயிலே வராத மலையில் எங்களுக்கு ஒரு தண்டவாளத் துண்டு இருந்தது. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற மைதானத்தில், கம்பிபோட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். காலையில் வீரபாண்டி அதை நிறுத்தாமல் நீளமாக அடித்தால் எல்லோரும் பெரட்டுக்கு ஓட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு அடி, கொஞ்சம் விட்டு இரண்டு அடி. வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்த இரண்டாவது இரண்டு ஓயுமுன் மாப்பிள்ளை எங்கிருந்தாவது வந்து அழகுத்தாயின் தலைச்சும்மாட்டில் உட்காரும். அவள் முந்தானையில் முடிந்த கடலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே லயத்துக்கு நடப்பாள். அந்த நேரம் மட்டும் அவளுக்கு வாய் ஓயாது. என்னிடம் இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் அந்தக் கிளியிடம் பேசினாள். எனக்கு அதில் ஒரு பொறாமை இருந்தது, இருந்தால் என்ன?

போன ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை பெரட்டுக்குப் போனபோது ஆபீஸ் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மலையாளத்தில் இருந்ததை வீரபாண்டி வாசித்தார். எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். வாசித்து முடித்துவிட்டு, அடிக்கிற இரும்பைத் தண்டவாளத்தின் மேலேயே செருகி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு ஐந்து மணிக்கு மணி அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் ஏலக்காட்டு வேலைக்குப் போனார்கள். விடியுமுன் ஜீப் வரும், திரும்பும்போது ஆறரை ஆகிவிடும். வயசாகிவிட்டதால் வீரபாண்டியும், முட்டி வலியால் நானும்தான் வீட்டில். இப்போது ஒன்று சொல்ல வேண்டும். அந்த முதல் வாரத்தில் கிளி வந்தது. மணி இல்லாததால் நேரம் தெரியாமல் மூன்றுக்கும் நான்குக்கும் வந்தது. பூட்டின கதவைப் பார்த்தது, ஜன்னல் கம்பியைக் கொத்தியது, அப்புறம் என் வாசலுக்கு வந்து, "பாத்துக் கிள்ளு!" என்றது. கிள்ளுவதற்கு வேலை எங்கே இருக்கிறது? காடெல்லாம் ஆள் இல்லாமல் கொழுந்து முற்றிக் கிடக்கிறது. எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விளக்குமாற்றை எடுத்து வீசினேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் வீசினேன். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை.

அழகுத்தாயிடம் நான் மூச்சு விடவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "மாப்ள வந்தானாக்கா?" என்பதுதான். இல்லை என்பேன். சேறு படிந்த காலோடு அப்படியே மேட்டில் ஏறி, கிராண்டிஸ் மரங்களைப் பார்த்து, "மாப்ள! மாப்ளோய்!" என்று கூப்பிடுவாள். இருட்டும்வரை கூப்பிடுவாள். அவள் கடலையை ஊறவைப்பதை நிறுத்தவில்லை. காலையில் புளித்துப்போனதைக் கொட்டிவிட்டு வேறு ஊறவைப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அதைக் கேட்கிற எனக்குத் தூக்கம் பிடிக்காது.

ஐப்பசி மழையில் அவள் அடுப்படிச் சுவர் சரிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற சதீஷ், அவன் பெண்டாட்டி இந்து, இரண்டு பேரும் அம்மா தங்களோடு வந்துவிட வேண்டும் என்று போனில் ஒற்றைக்காலில் நின்றார்கள். திங்கட்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று சதீஷ் சொல்லிவிட்டான். அழகுத்தாய்க்கும் வேறு வழி இல்லை. சாமான்களைக் கட்டினாள்.

"போறதப் பத்தி ஒண்ணுமில்லக்கா," என்றாள் என்னிடம். "ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிட்டா நல்லாருக்கும். இருக்கானா செத்தானான்னு தெரியாம எப்படிப் போக?"

நான் அரிசி பொறுக்குகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது, எல்லோரும் வீட்டில். சாயங்காலம் மழை விட்டிருந்தது. திடீரென்று பெரட்டு மணி அடித்தது. நிறுத்தாமல், நீளமாக, காலை மணி. மூன்று மாசத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். நேரங்கெட்ட நேரத்தில் அப்படி அடித்தால் மேலாபீசிலிருந்து சேதி வந்திருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஓடினேன். முட்டிவலிக்காரி ஓடினேன். ஆணியில் மாட்டியிருந்த படங்கை, இடுப்பில் சுற்றுகிற அந்தப் பிளாஸ்டிக் ஷீட்டை, கட்டிக்கொண்டே ஓடினேன். ஆறு லயத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். சிலர் கூடையோடு, சிலர் பாதி வழித்த தாடியோடு. காளியாத்தாள் சோற்றுக் கையைக் கழுவாமல் வந்திருந்தாள். பழக்கத்தில் நாங்கள் வரிசையாகவே நின்றோம். "தொறந்துட்டாங்களாம்ல? தொறந்துட்டாங்களாம்!" என்று யாரோ சொல்ல, யாரோ அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

தண்டவாளத்துக்கு முன்னால் இரும்பும் கையுமாக அழகுத்தாய் நின்றாள். எங்களைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்தினாள்.

வீரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "யாரு வந்திருக்கா? ஆபீஸர் எங்க?"

"யாரும் வரலண்ணே." "மாப்ளைக்குத்தான் அடிச்சேன். தூரத்துல இருந்தாலும் கேக்கட்டுமேன்னு நெறைய அடிச்சுட்டேன்."

அவள் வாழ்நாளெல்லாம் அந்த மணிக்கு ஓடியவள். ஒரு நாளும் அடித்தவள் இல்லை. எந்த அடிக்கு எங்கள் நெஞ்சு எப்படித் துள்ளும் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் பேசினவள் நான். "ஒரு கிளிக்காவ எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டியேட்டி! நீ நாளைக்கு வண்டியேறிப் போயிருவ. நாங்க?" என்று கத்தினேன். இடுப்பில் படங்கு கட்டியிருந்த வெட்கம் அப்படிக் கத்தவைத்தது. விளக்குமாறு வீசிய குற்றமும்தான். அழகுத்தாய் இரும்பைக் கீழே போட்டுவிட்டு, இத்தனை வருஷத்தில் நான் கேட்காத அழுகையை அழுதாள். செல்லத்துரைக்கு அழாததும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

வீரபாண்டி குனிந்து இரும்பை எடுத்தார். ஓடைக்குள் விட்டெறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீ அடிச்சது காலை மணி," என்றார் அவளிடம். "காலை மணி கேட்டா அது பறந்து போகத்தான செய்யும்? வரச் சொல்றதுக்கு அப்படி அடிக்கக் கூடாது தாயி."

இரண்டு அடி அடித்தார். கொஞ்சம் விட்டு, இரண்டு அடி.

நாற்பது பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. அவர் மறுபடி அடித்தார். இரண்டு. இரண்டு. எனக்கு ஜெபம் வந்துவிட்டது. மாதாவே, வரட்டும், இனிமேல் விளக்குமாற்றைத் தொடமாட்டேன் என்றேன். மூன்றாவது முறை அடித்து ஓய்ந்தபோது கிராண்டிஸ் பக்கமிருந்து ஒரு கீச்சுச் சத்தம். பச்சையாக ஒன்று சாய்ந்து வந்து தண்டவாளம் தொங்குகிற கட்டையில் உட்கார்ந்தது. வாலில் ஒரு இறகு ஒடிந்திருந்தது. எங்கள் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு, வீரபாண்டி பக்கத்தில் நிற்கும்போதே, அவர் குரலில் அதட்டியது: "பாத்துக் கிள்ளு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. வீரபாண்டி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் சதீஷ் வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் அழகுத்தாயைத் தனியாகக் கூப்பிட்டு விளக்குமாற்றுக் கதையைச் சொல்லிவிட்டேன். நாலு வசவு வாங்கினால் நெஞ்சு லேசாகும் என்று பார்த்தேன்.

"நீங்க திட்டாம வெரட்டாம இருந்தாத்தான்க்கா அவன் வீடு மாறிட்டோம்னு பயப்படுவான்," என்றாள். கடலை டப்பாவை என் கையில் வைத்தாள். "அஞ்சு மணிக்குக் குடுங்க. தோல உரிச்சுக் குடுங்க."

"பெரியம்மா, பாத்துக்கிடுங்க," என்றான் சதீஷ். அவன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறவன், என்னிடம் கிளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். வண்டி வளைவு திரும்பும்வரை நின்றேன். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அன்றிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இப்போது ஐந்து மணிக்கு வீரபாண்டி வந்து இரண்டும் இரண்டும் அடிக்கிறார். யாரும் அடிக்கச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனுக்கு ரேஞ்ச் கிடைப்பதும் பெரட்டுக்களத்தில் மட்டும்தான். சரியாக அந்த நேரத்துக்குத் திருப்பூரிலிருந்து அழகுத்தாய் கூப்பிடுவாள். நான் போனைத் தண்டவாளத்துக்கு நேராகப் பிடிப்பேன். கிளி வந்து, அதற்காகவே நான் கட்டிக்கொள்கிற சும்மாட்டைக் கொத்தும், விரலைக் கடிக்கும், நான் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தை பிறந்ததும் கிளி வருவது குறைந்தது. இணை சேர்ந்திருக்கும், எங்காவது பொந்து பார்த்திருக்கும், நல்லதுதானே? போன செவ்வாய்க்கிழமை வரவே இல்லை.

"மாப்ள வந்தானாக்கா?" என்றாள் போனில்.

"வந்துட்டான், வந்துட்டான். கடலை தின்னுக்கிட்டு இருக்கான்," என்றேன்.

"பொய் சொல்லாதீங்கக்கா," என்றாள். "நீங்க திட்டுற சத்தமே கேக்கலயே."

புதன்கிழமையும் வரவில்லை. வீரபாண்டி அடித்து முடித்தார், போன் அடித்தது. நான் அதை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் கட்டையைப் பார்த்து, என் தொண்டை கட்டுகிறவரை திட்டினேன்.