கூட்டத்துக்கு வந்த அக்கா

எங்கள் அக்கா அவர்கள் கிரிவலப் பாதையை ஒட்டிய சிற்றூரில், வேர்க்கடலையும் கேழ்வரகும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால், எனக்கு அவர் என்றும் கூப்பிடு தூரத்திலேயே இருந்தார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஊராட்சி மன்றங்கள் கலைக்கப்பட்டு, எங்கள் ஊர் தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. ஒரு கோடையில் அடிபம்பு பழுதானது. அக்கா பெண்களைத் திரட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குச் சென்று முறையிட்டார்.

"எனக்கு ஏகப்பட்ட ஊரும்மா. எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் அலுவலர்.

அவர் கெட்டவர் அல்லர். எங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். குட்டைத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதி கண்டதில் அக்காவின் இளைய மகன் இறந்துபோனான்.

எண்பதுகளில் மீண்டும் தேர்தல் வந்தது. எங்கள் தாய்மாமா தலைவரானார். மன்றத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்ற விதிக்காக அக்காவையும் உறுப்பினராக்கினார்கள்.

"நீ எதுக்கும்மா அலையற? கையெழுத்துக்கு ஆள வீட்டுக்கே அனுப்பறேன்" என்றார் மாமா.

"சும்மா பேருக்கு இருக்கறதுக்கு நான் எதுக்கு மாமா?" என்ற அக்கா, முதல் கூட்டத்துக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். காலனியிலிருந்து தேர்வான உறுப்பினர் வாசலோரம் நின்றிருந்தார். அக்கா நகர்ந்து இடம் விட்டு, "உள்ள வந்து உக்காருங்கண்ணா" என்றார். சிலர் முகம் சுளித்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தார்.

புதுக் குழாயை ஊர்த்தெருவோடு நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது.

"எங்க தெருவுக்கும் லைன் வேணுங்க" என்றார் அந்த அண்ணன்.

"அப்புறம் பாக்கலாம்ப்பா" என்றார் மாமா.

"எம் புள்ள போனப்ப நமக்காகக் கேக்க ஆளில்ல மாமா" என்றார் அக்கா. "இப்ப கேக்க ஆள் இருந்தும் அப்புறம்னா எப்படி? அங்கயும் ஓட்டு வாங்கிதான வந்தீங்க?"

மாமா தீர்மான நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "மறுபடியும் ஓட்டு கேட்டு அந்தத் தெருவுக்குள்ள நாந்தான் போயி நிக்கணும். ரெண்டு தெருவுக்கும் போடுங்க" என்றார்.

அடுத்த கோடைக்குள் இரு தெருவிலும் தண்ணீர் வந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. குடத்தோடு அலைந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். தாய்மார்கள் தீபத் திருவிழாவுக்குப் பாதையோரம் கடை போட்டார்கள். கேட்பதற்கு ஓர் இடமும், பதில் சொல்லியாக வேண்டிய ஓர் ஆளும் இருந்தால் ஓர் ஊர் எப்படி மாறும் என்பதை அக்காவால்தான் அறிந்தேன்.

அந்த மன்றத்தின் பதவிக்காலம் முடியுமுன்பே, சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வலியிலும், "கூட்டத்துல என்ன பேசினாங்க?" என்றுதான் என்னைக் கேட்பார்.

மருத்துவமனையில் உடனிருந்த உறவினர்களுக்கும், அவரைத் தோளில் சுமந்த இரு தெருவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. மாமாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் இடத்துக்குக் காலனிப் பெண் ஒருவரை முன்மொழிந்தவர் அவர்தான். அந்தத் தங்கை முதல் கூட்டத்திலேயே, தங்கள் தெருவில் விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டார்.

மாமா எழுந்து நின்று பதில் சொன்னார்.