பார்வதி அக்காவின் சட்டையும் ஒரு மீசையும்

ஒரு பொம்மையின் மீசையைப் பிய்த்து எறியவேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எனக்குத் தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில், ஒரு காட்சியகத்தில்.

பார்வதி அக்காவோடு போயிருந்தேன். குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வரிசையிலேயே குடியிருப்பவர். அதற்கு முன்பு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், கல்யாணமாகி வந்த நாள் முதல் கம்பெனி தோட்டத்தை விற்கும்வரை ரப்பர் மரம் சீவியவர்.

தோட்ட வாழ்க்கையைக் காட்சிக்கு வைக்கப்போகிறோம், பழைய சாமான் இருந்தால் கொடுங்கள் என்று போன வருடம் காட்சியகத்திலிருந்து வீடு வீடாக வந்து கேட்டார்கள். அக்கா தன் வேலைச் சட்டையைக் கொடுத்தார். ரப்பர் பால் காய்ந்து கறுத்து, அட்டை மாதிரி விறைத்துப்போன முழுக்கைச் சட்டை. நாற்றம் போகவேண்டுமே என்று துவைத்துத் துவைத்துக் கொடுத்தார். அதைப் பார்க்கத்தான் நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். காரில் போகிற வழியெல்லாம், "எங்க மாட்டியிருப்பாங்க?" என்று ஒரே கேள்வி.

மாட்டியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், முறுக்கு மீசை வைத்த ஓர் ஆண் பொம்மைக்கு.

கீழே மூன்று மொழியில் லேபல்: 'ஆண் தொழிலாளியின் வேலைச் சட்டை.' பக்கத்தில் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் பொம்மை, குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் லேபல்: 'தோட்டத்துப் பெண்களின் இல்லற வாழ்க்கை.'

அக்கா கண்ணாடியில் கையை வைத்தார். "இது என் சட்டைலா... முழங்கையில ஒட்டுப் போட்டிருக்கு பாரு. என் கைலியக் கிழிச்சு நானே தச்சது."

பூப்போட்ட பாத்தேக் துணி. மீசைக்காரன் முழங்கையில்!

பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும். நம்மவர்தான், கழுத்தில் அடையாள அட்டை.

"ஆம்பள சட்டைதானேக்கா? பட்டன் வலது பக்கம் இருக்கு பாருங்க," என்றார்.

"சட்டை எங்க வீட்டுக்காரரோடதுதான். அவரு லோரி ஓட்டுனவரு, மரத்துப் பக்கமே போனதில்ல. பழசானதும் எனக்குக் குடுத்தாரு. அதைப் போட்டுக்கிட்டு மரம் சீவுனது நானுலா!"

"புரியுதுக்கா. ஆனா பாக்க வர்றவங்களுக்குக் குழப்பமாயிரும்லா. பொம்பளைங்களுக்குத்தான் தனியா ஒரு பொம்மை வச்சிருக்கோமே..."

பட்டுச் சேலையில்! விடிவதற்கு முன்னால், கொசு மொய்க்கிற ரப்பர் காட்டுக்குள், எந்தப் பெண் பட்டுச் சேலை சரசரக்கப் போனாள்? இடுப்பில் கைலி, அதன்மேல் வீட்டு ஆண்பிள்ளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு — எந்தத் தோட்டத்திலும் அதுதானே எங்கள் பெண்களின் யூனிஃபார்ம்?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீங்க எந்த ஊரு சார்?"

"கோப்பெங் பக்கம். தோட்டத்துலதான் பொறந்தேன்."

"உங்கம்மா என்ன போட்டுக்கிட்டு மரம் சீவுனாங்க?"

அவர் பொம்மையைப் பார்த்தார். கழுத்து அட்டையைத் தடவினார். "அப்பா சட்டைதான்..." என்றார்.

"அப்புறம் என்ன?"

"லேபலை நானா மாத்த முடியாதுக்கா. கமிட்டிதான் முடிவு பண்ணணும்."

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. தெரியாமல் எழுதியிருந்தால் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம். இவருக்குத் தெரியும்! கமிட்டியில் இருப்பவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான், விசாரித்துவிட்டேன். அம்மா மரம் சீவிப் படிக்கவைத்த பிள்ளைகள். இன்றைக்கு மேடை ஏறி ஆவணம், வரலாறு, பாரம்பரியம் என்று முழங்குகிறார்கள். அம்மாவை மட்டும் பட்டுச் சேலை கட்டிக் கோலம் போட அனுப்பிவிடுகிறார்கள். ஏன்? அவள் பால் வாளி தூக்கினாள் என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமா? அழகாகக் காட்டுகிறார்களாம்... உழைப்பைத் திருடிக்கொண்டு அழகு என்ன வேண்டியிருக்கிறது?

நாளைக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி அந்த லேபலைத்தான் எழுதிக்கொண்டு போவார்கள். தோட்டத்தில் ஆண்கள் உழைத்தார்கள், பெண்கள் கோலம் போட்டார்கள்... முடிந்தது வரலாறு.

நேற்று பொறுப்பாளர் போன் செய்தார். கமிட்டி கூடிப் பேசிவிட்டதாம்.

"குழப்பம் வேணாம்னு அக்கா சட்டைய எடுத்து ஸ்டோர்ல வச்சிட்டோம். பொம்மைக்குக் கடையில புதுச் சட்டை வாங்கிப் போட்டாச்சு."

"லேபல்?"

"அதேதான்."

பார்வதி அக்கா அழுதுவிடுவாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"புதுச் சட்டையா? ஒரு சொட்டுக் கறை இல்லாமயா? அப்ப அவன் ஒரு நாளும் மரம் சீவலன்னு பாத்தாலே தெரியுமே! கிளம்பு, போலாம். என் சட்டைய வாங்கிட்டு வந்துருவோம். என் பேரப் போட்டா திருப்பிக் குடுக்கறேன்."

நாளைக் காலையில் போகிறோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சட்டை மடித்துக் கிடக்கலாம். கேட்டு வந்தால் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் காலருக்கு உள்ளே அம்மாவின் பெயரைத் தைத்துவிடுங்கள்.

பேனாவால் எழுதாதீர்கள்... அழித்துவிடுவார்கள்!